எண்பதைத் தொட்டால்

"எண்பதைத் தொட்டா உதறுது" என்று மீன்தொட்டிக்காரர் ஆறாவது தடவையாகச் சொன்னார்.

சர்வீஸ் நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்க்காமலே தலையாட்டினாள். அவருடைய வண்டி எண் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத பிக்கப். கண்ணாடித் தொட்டிகளை அடுக்கப் பின்னால் மரச்சட்டம் அடித்து, பழைய மெத்தையை வெட்டி அதன்மேல் போட்டிருந்தார்.

நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் பார்த்தாயிற்று. அலைன்மென்ட் இரண்டு முறை. டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு மெக்கானிக் தனியாக ஓட்டிக்கொண்டு போவார், கால் மணி நேரத்தில் திரும்புவார், "வெண்ணெய் மாதிரி ஓடுது சார்" என்று சாவியை நீட்டுவார்.

அதைக் கேட்டால் யாருக்கும் நிம்மதி வரவேண்டும். இவர் சில நாளில் மறுபடி வந்து நிற்பார்.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். காலையில் மீன்களுக்குத் தீனி போட்டோமா என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

இந்தத் தடவை ஃபோர்மேனே வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க தெரியுது? ஸ்டியரிங்லயா?"

"சீட்ல. இடுப்புல ஆரம்பிச்சு, முதுகுல ஏறி, பல்லு வரைக்கும் கிடுகிடுங்குது." பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது.

"நீங்களும் ஏறுங்க. வரும்போது காட்டுங்க."

ஃபோர்மேன் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டார். இவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், கதவைத் திறந்து, ஒரு நொடி தயங்கி, ஏறினார்.

கடைசிச் சிக்னலைத் தாண்டியதும் சாலை அகன்றது. அறுபது. எழுபது. முள்ளிலிருந்து இவர் கண்ணை எடுக்கவில்லை.

எண்பது.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் ஃபோர்மேன். ஸ்டியரிங்கை இரண்டே விரலால் பிடித்திருந்தார்.

இவர் முதுகை இருக்கையில் நன்றாகச் சாய்த்தார்.

முதலில் இடுப்பு. பிறகு முதுகுத்தண்டு வழியாக ஏதோ ஊர்ந்து ஏறியது. பிறகு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தட்டிக்கொண்டன.

மனைவி சொன்ன அதே வரிசையில்.

அதை அவர் உணர்வது அதுதான் முதல் தடவை. வாங்கிய நாளிலிருந்து ஓட்டியது அவர். அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்தது அவள்.

மடியில் மீன் பைகளை வைத்துக்கொண்டு அவள் இரண்டரை மாதம் சொல்லிப் பார்த்தாள். "உனக்குத்தான் அப்படித் தோணுது" என்று விட்டுவிட்டார். மீனுக்கெல்லாம் தலைசுற்றுகிறது என்று அவள் சொன்னதைப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் வேடிக்கையாக எடுத்துச் சொல்லி, அவளை வைத்துக்கொண்டே எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்த இருக்கையில் தானும் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வண்டி வாங்குவதற்கு முன்பும் அதே பதில்தான். அடுப்படியில் கேஸ் வாடை அடிக்கிறது என்றபோது. தோள்வலியில் கையைத் தூக்க முடியவில்லை என்றபோது. உங்கள் தம்பி என்னிடம் பேசுகிற விதம் சரியில்லை என்றபோது. பதினோரு வருடம்.

ஒருநாள் தொட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் "நிறுத்துங்க" என்றாள். எதற்கு என்று கேட்டுக்கொண்டே நிறுத்தினார். இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, எதிரே வந்த பேருந்தில் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள்தான் அவர் முதன்முதலாக இந்தச் சர்வீஸ் நிலையத்துக்கு வந்தார்.

எந்த சீட் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வந்து நிற்கிறான் என்று நினைப்பார்களே என்ற கூச்சம். வண்டி சரியாக வேண்டும் என்றுகூட அவர் அலையவில்லை. வெறுங்கையோடு அவள் முன்னால் போய் நிற்க முடியாது. பழுது இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

"இந்த சீட்டுலதாங்க" என்றார் இப்போது.

ஃபோர்மேன் இடது கையை நீட்டி அந்த இருக்கையின் விளிம்பைத் தொட்டார். முகம் மாறியது. வண்டியை ஓரங்கட்டி, டார்ச்சோடு அடியில் புகுந்தார். சட்டையெல்லாம் புழுதியாக வெளியே வந்தார்.

"இந்தப் பக்கம் கேபினைத் தாங்குற ரப்பர் கோணலா உக்காந்திருக்கு. இரும்போட இரும்பு இடிக்குது. ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. வாங்க, பத்து நிமிஷத்துல மாத்திடலாம்."

"இருங்க. இப்பத் தொடாதீங்க."

ஃபோர்மேன் விழித்தார்.

இவர் சாலையோரமாக நாலெட்டு நடந்து போய்ப் போனை எடுத்தார். இத்தனை நாளில் எத்தனையோ முறை அந்த எண்ணை எடுத்து, அழைக்காமலே போனைச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். லாரி ஒன்று காதை அடைத்துக்கொண்டு கடந்து போகும்வரை காத்திருந்து, அழுத்தினார்.

ஐந்தாவது மணியில் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"நீ சொன்னது நெஜந்தான்" என்றார்.

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"எது?" என்றாள்.