குறையாத டப்பா

"உண்மையைச் சொல்லு சங்கமித்ரா. அந்தத் தொண்ணூத்தேழு பர்சென்ட் நிஜமா வந்ததா, இல்ல நீயா எழுதிக்கிட்டியா?"

பேராசிரியை தமயந்தி கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் சங்கமித்ராவுக்கு அதிகமாக வலித்தது.

"நிஜமா வந்தது மேடம். மூணு தடவை செஞ்சு பார்த்தேன்."

"நான் பார்த்தேனா?"

"அன்னைக்கு நீங்க மைசூர் போயிருந்தீங்க."

"அதானே!"

விஷயம் ஒரு பவுடர். தைலமர இலையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் இரும்பு உப்பைக் கலந்து எடுத்த கறுப்பு நானோ பவுடர். சாயத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சாயம் முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காந்தத்தைக் காட்டிப் பவுடரை வெளியே இழுத்துவிட்டால் தண்ணீர் தெளிந்துவிடும். சங்கமித்ராவின் நான்கு வருட ஆராய்ச்சி இதுதான்.

கட்டுரையைப் படித்த வெளிநாட்டுப் பத்திரிகை, 'இன்னொரு முறை செய்து அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தது. செய்தாள். சாயத்தில் ஐம்பத்தெட்டு பர்சென்ட்தான் நீங்கியது. மறுநாள் செய்தாள். ஐம்பத்தொன்று.

"பவுடர் டப்பாவை யாரோ தொடறாங்க மேடம்."

"எடை பார்த்தியா?"

"பார்த்தேன். குறையல."

"குறையாத டப்பாவை எந்தத் திருடன் தொட்டான்? கேக்கறவ கேனச்சின்னு நினைச்சியா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கறோம்னு நானே மெயில் போட்டுடுவேன். உன் பிஎச்.டி. பத்தி அதுக்கப்புறம் பேச ஒண்ணுமில்ல."

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள் சங்கமித்ரா. அன்று திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள்.

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பக்கத்து மேஜை சித்தார்த், "ஏன் டல்லா இருக்கே?" என்று கன்னடத்தில் கேட்டான். இவன் ஏன் கேட்கிறான்? ஏசி மெக்கானிக் வந்து போனான். இவன் ஏன் இங்கே வந்தான்?

வியாழக்கிழமை டப்பாவைக் கவிழ்த்துச் சலித்துப் பார்த்தாள். பவுடருக்குள் நகக்கண் அளவு நியூஸ்பேப்பர் துண்டு. அதில் தமிழ் எழுத்து.

ஓடிப்போய் மேடத்திடம் காட்டினாள். "இந்த மாடியில தமிழ் தெரிஞ்சவங்க மூணே பேர் மேடம். நீங்க, நான், காலைல பெருக்க வர்ற ஆஞ்சலா."

"அந்த மூணு பேர்ல நீயும் ஒருத்தி" என்றார் தமயந்தி. "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா. நானும் வரேன்."

வந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே ஆஞ்சலா மேஜையோரம் நின்றிருந்தாள். கையில் மடித்த தமிழ்ப் பேப்பர். அதிலிருந்த கறுப்புப் பவுடரைச் சிந்தாமல் தட்டித் தட்டி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய்! என்னத்தைக் கொட்டற அதுல?" தமயந்தி போட்ட சத்தத்தில் பேப்பர் நழுவியது. "யார் சொல்லி இதைச் செய்யற? எந்த லேப்காரன் உன்னை அனுப்பினான்?"

"ஐயோ, யாரும் அனுப்பல மேடம்."

"காண்ட்ராக்டருக்குப் போன் போடறேன். இன்னைக்கே உன்னை நிறுத்திடறேன்."

ஆஞ்சலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பொருளு ஒண்ணும் எனக்கு வாணாம் மேடம். கர்த்தர் சாட்சி. தினம் நாலு ஸ்பூன் எடுப்பேன். வேலை முடிஞ்சதும் காந்தம் வெச்சு இழுத்து, கழுவி, காயவெச்சு, அப்படியே திருப்பிப் போட்டுடுவேன். ஒரு பொட்டு குறைச்சதில்ல."

"இந்த வேலையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

"இந்தப் பொண்ணு செய்யறதைத்தான் பாத்துக்கினே இருக்கேனே. முதல்லெல்லாம் நாலு ஸ்பூன் போட்டு ஒரு கலக்கு கலக்கினா தண்ணி கண்ணாடியாட்டம் ஆயிடும் மேடம். இப்பதான் ஒரு மாசமா என்னான்னு தெரியல, சரியாவே தெளிய மாட்டேங்குது."

சங்கமித்ரா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சாயம் குடித்துக் களைத்துப்போன பவுடர், தினமும் நாலு ஸ்பூனாக நல்ல பவுடரோடு கலந்திருக்கிறது. டப்பா எப்படிக் குறையும்?

தமயந்தி அவள் தோளில் கை வைத்தார். "ஸாரிம்மா. புதுசா ஒரு பேட்ச் செய். இந்தத் தடவை நான் பக்கத்துலயே நிக்கறேன்."

பிறகு ஆஞ்சலாவிடம் திரும்பினார். சந்தேகம் இன்னும் முழுசாக விட்டபாடில்லை.

"எல்லாம் சரி. உனக்கு எதுக்கு இந்தப் பவுடர்? ஏதாவது சாயப்பட்டறைக்காரனுக்குத் தண்ணி சுத்தம் பண்ணித் தர்றியா?"

"சும்னே எதையாச்சும் கேக்காதீங்க மேடம்." சிங்க்குக்குக் கீழே இருந்த பக்கெட்டை ஆஞ்சலா காலால் முன்னே தள்ளினாள். பாதி பக்கெட் தண்ணீர், தெளிந்தும் தெளியாமலும் வெளிர் நீலத்தில் ஆடியது.

"உங்க லேப்புல மிச்சமாவற சாயத் தண்ணி மேடம் இது. தினம் காலைல பின்னாடி சாக்கடை மோரியில கொட்டிடுன்னு நீங்கதான சொன்னீங்க? அந்த மோரி கீழ ஸ்ரீராம்புரத்துல எங்க சந்து வழியாத்தான் போவுது. பந்து விழுந்தா பசங்க உள்ள கையை விட்டு எடுக்குதுங்க. மருந்தை இங்கேயே வெச்சுக்கினு, அப்படியே கொட்ட எனக்கு மனசு வரல மேடம்."