தாய்மாமனுக்கு முதல் செய்தி

மைக் கைக்கு வந்தபோது, தவளைகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

விவசாயிகள் குறைதீர் கூட்டம். மேடையில் அதிகாரிகள். மக்காச்சோளக் காட்டுக்கு அடிக்கும் களைக்கொல்லியைத் தடை செய்வதா, வேண்டாமா என்று கருத்துக் கேட்கிறார்கள்.

"எங்க கெணத்துல தவளச் சத்தமே இல்லீங்க. மழ பெஞ்சும் கத்தல. அந்தத் தண்ணியத்தான் நாங்களும் குடிக்கிறோம்."

"தவளைக்கு மனு குடுக்க வந்துருக்கு பாருங்கப்பா" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

கூடமே சிரித்தது.

தடை வேண்டாம் என்று சொல்ல வந்த உரக்கடைக்காரர்கள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய அண்ணன் நல்லதம்பி. அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். தங்கை காட்டுக்கு அவன் கடையிலிருந்துதான் அந்தக் களை மருந்து போகிறது. நல்ல சரக்காகப் பார்த்து எடுத்துவைப்பான்.

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"மனுஷங்களுக்கு ஏதாவது பாதிப்பு இருந்தா சொல்லுங்கம்மா. வெறும் தவளைய வச்சு நாங்க என்ன எழுத முடியும்?"

இருந்தது.

மகள் கனிஷ்காவுக்கு ஏழு வயது. முன்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து பாவாடையில் ரத்தத்தோடு வந்தாள்.

நான் எங்கேயும் விழவில்லையம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஹார்மோன் தாறுமாறாகியிருக்கிறது என்றார் டாக்டர். தண்ணீரில் இறங்கும் களைக்கொல்லியாக இருக்கலாம் என்றார். அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

புருஷனைத் தவிர யாருக்கும் அவள் சொல்லவில்லை. சொன்னால் பச்சை ஓலை வரும், சீர்த்தட்டு வரும், முச்சந்தியில் பிளெக்ஸ் வரும்.

பிறகு ஊர்க் கண்கள் வரும். அந்தப் பிள்ளைமேல்.

அண்ணனுக்கும் சொல்லவில்லை. பெண் பெரியவளானால் முதல் செய்தி தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும்.

"வேற ஒண்ணும் இல்லேன்னா மைக்க அடுத்தவங்களுக்குக் குடுங்கம்மா."

அவள் கொடுக்கவில்லை.

இன்று காலையும் கனிஷ்கா அந்தத் தண்ணீரைத்தான் குடித்துவிட்டுப் போனாள். வேறு தண்ணீர் இல்லை.

"அண்ணே..."

கூடம் திரும்பிப் பார்த்தது.

"ஒனக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். மறைச்சுட்டேன். ஒன் மருமவ பெரிய மனுசி ஆயிட்டாண்ணே."

யாரோ கை தட்டினார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

"நல்ல சேதிதான்! எத்தன தட்டுய்யா மாமன் சீரு?" என்று பக்கத்துக் கடைக்காரர் நல்லதம்பியின் தோளில் அடித்தார்.

நல்லதம்பியும் பாதிச் சிரிப்போடு எழுந்துவிட்டான். அந்தச் சொல்லைக் கேட்டால் தாய்மாமன் எழுந்துதான் பழக்கம்.

எழுந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

அவனுக்கு ஒரே மருமகள். மடியில் உட்காரவைத்து அவளுக்குக் காது குத்தியதே நேற்றுப்போல இருந்தது.

கைத்தட்டல் ஓயவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"பொண்ணுக்கு என்ன வயசும்மா?"

அவள் அண்ணனையே பார்த்தாள். பிறகு மைக்கை அவன் பக்கம் நீட்டினாள்.

கை மாறிக் கை மாறி அது மூன்றாவது வரிசைக்குப் போனது.

ஒலிபெருக்கியில் முதலில் அவன் மூச்சுதான் கேட்டது.