மோரியில் கொட்டியது

"இன்னும் கொஞ்சம் மேல தேயிட்டி, அங்கதான் அரிக்குது" என்றார் அப்பா.

உப்புப் போட்ட தோல்களை லாரியிலிருந்து சுமந்து இறக்கும் நாளில் அப்பா பூலோகத்துக்கு முதுகெல்லாம் தடித்துவிடும். மகள் செண்பகவல்லி தேங்காய் நாரை நனைத்துத் தேய்த்துவிட்டாள். நாலு செம்பு தண்ணீர் ஊற்றினாள். அம்மா முருகம்மாள் பைப்படியில் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள்.

தாராவியில் அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. ஒரு மூலையில் பாத்திரம் கழுவித் தண்ணீர் வடியவிடும் மோரி. இன்னொரு மூலையில் அரிசி டின். டின்னுக்குப் பின்னால் அப்பாவின் பாட்டில்.

அப்போது பம்பாயில் மதுவிலக்கு. ஊர்க்காரர் ஜம்பு திருட்டுத்தனமாகக் காய்ச்சுவதை அப்பா வாரம் ஒரு பாட்டில் வாங்குவார். வேறு யார் சரக்கையும் தொடமாட்டார். கண்டவன் காய்ச்சுவதில் கண்டதையும் கலப்பான் என்பார்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே டின்னை நகர்த்தினார். பாட்டில் காலி.

செண்பகவல்லி கைகட்டி நின்றாள். ஐந்தாம் வகுப்பில் நூர் நிஷா டீச்சர் சொல்லிக்கொடுத்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

குடிக்க மாட்டேன். யாருக்கும் வாங்கிவந்து தர மாட்டேன். வீட்டில் கண்டால் கொட்டிவிடுவேன்.

டீச்சர் அதை வெறும் பாடமாக நடத்தியதில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, டம்ளரை நீட்டியபடி, தள்ளாடும் மாமாவாக நடித்துக் காட்டுவார். "மாமா சொல்லுதேன்லா, ஒரு வாய்தான், வாங்கு!" பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, "வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். சிரிக்கக் கூடாது. சளி பிடித்தால் பிள்ளைக்கு ஒரு மூடி சாராயம் ஊற்றிக் கொடுக்கிற வீடுகள் அவை. பெரியவர்கள் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அந்த வகுப்புக்குப் புதிய சேதி.

அப்பா அடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க டீச்சர் போலீசையே தூக்கிச் சாப்பிட்டுருவா போலிருக்கே!"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று ஜம்புவின் இடத்தில் நிஜமான போலீசே வந்து அடுப்பையும் பீப்பாயையும் உடைத்துப் போட்டிருந்தது. அப்பா கட்டர்ச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒருவனிடம் வாங்கிக் குடித்துவிட்டு வந்து படுத்தார்.

காலையில், வெயில் வாசலுக்குள் வந்த பிறகு, "ஏன் இன்னும் விளக்கைப் பொருத்தாம இருக்கிய?" என்று கேட்டார்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்தச் சந்தில் மட்டும் அவரோடு நாலு பேர்.

உடலைக் கொண்டுவந்து இறக்கியபோது, "நான்தான் கொட்டினேன்" என்று செண்பகவல்லி சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினால் விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் நூர் நிஷா டீச்சர் குர்லாவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். உள்ளே வரவில்லை. முக்காட்டின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றவர், அம்மாவைப் பார்த்ததும் உடைந்துபோனார்.

"அப்படிக் கொட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தாம்மா. இனிமே இந்தப் பாடமே எடுக்க மாட்டேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். டீச்சரைப் பார்த்தாள். சுவரோரம் சுருண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"இவ கொட்டினது தண்ணி, டீச்சர். சரக்கை நான் காலையிலயே மோரியில ஊத்திட்டுப் பைப்புத் தண்ணிய ரொப்பி வச்சிருந்தேன். இவ கொட்டலைன்னாலும் இவ அப்பா ஒரு வாய் வச்சுப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போயிருப்பாவ. நீங்களும் இவளும் எதுக்குக் கெடந்து சாகுதிய?"

துஷ்டி கேட்க வந்திருந்தவர்கள் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் அக்கா பேராச்சி எழுந்தாள்.

"அப்போ என் தம்பிய முழுங்கினவ நீதானா?"

"ஆமா மதினி" என்றாள் அம்மா.

பேராச்சி அத்தை அப்போதே கிளம்பினாள். அதன்பின் அந்தப் படியை மிதிக்கவில்லை. பைப்படியில் பெண்கள் அம்மாவின் குடத்தைக் காலால் தள்ளி வைத்தார்கள். அம்மா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். வருஷக்கணக்கில் நின்றாள்.

செண்பகவல்லி அன்று சாப்பிட்டாள். இரண்டு தட்டுச் சோறு. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் பாடத்தையும் நிறுத்தவில்லை. அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கும் டம்ளரை நீட்டிக்கொண்டு தள்ளாடினார். மூன்றாவது வரியை மட்டும் விட்டுவிட்டார்.

தண்ணி என்று அம்மா சொன்னது தன்னை மறுபடி உயிரோடு பெற்றெடுத்த வார்த்தை என்று செண்பகவல்லிக்குத் தெரியும். வளர்ந்த பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. அம்மா அதைச் சொல்லி வாயை மூடும்போதே தெரியும்.

பாட்டிலைக் கவிழ்ப்பதற்கு முன்னால் அவள் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாள். அப்பா அப்படி என்னத்தைத்தான் குடிக்கிறார் என்று. நாக்கு பற்றிக்கொண்டு எரிந்தது. கருப்பட்டியைத் தேடி எடுத்து வாயில் அடக்கிக்கொண்டுதான் மீதியை மோரியில் கொட்டினாள்.

அதை அவள் டீச்சரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

அது தண்ணீர்தான் என்று அம்மா கடைசிவரை சொன்னாள். யாராவது கேட்டால் செண்பகவல்லியும் இன்றைக்கும் தண்ணீர் என்றுதான் சொல்கிறாள்.