புத்தகத்தில் இல்லாத வரி

"எந்தக் கொழுப்பெடுத்தவன் இதை அடிச்சான்?"

வெர்னிதா மேசையில் ஓங்கித் தட்டியதில் காபி தளும்பியது.

பருத்திப் பண்ணையிலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு கறுப்பின அடிமை, நூற்றெழுபது வருடங்களுக்கு முன் தன் கதையைத் தானே எழுதி அச்சிட்ட புத்தகம் அது. தொட்டால் உதிர்கிற தாள். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, வெளியே அனுப்பித் தட்டச்சு செய்து வாங்கி, பள்ளிப் பிள்ளைகள் கணினியில் படிக்கும்படி செய்வது பல்கலைக்கழக நூலகத்தின் திட்டம். மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது வெர்னிதா.

மூலத்தில் இருந்தது இவ்வளவுதான்:

'மணி அடித்தது. வரிசையில் நின்றோம். மாடுகளைப் போல எங்களை எண்ணி ஓட்டிப் போனார்கள்.'

தட்டச்சில் அதற்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது:

'இங்கேயும் அப்படித்தான்.'

தாளை உருவிக்கொண்டு திட்டத் தலைவர் ப்ரூயட்டின் அறைக்குள் நுழைந்தாள். அவர் வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழாவில் பேசவேண்டிய உரையை எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பு, 'விடுதலை'.

"சார், இதைப் பாருங்க! ஏசி ரூம்ல உட்கார்ந்து டைப் அடிக்கிறவனுக்கு இது விளையாட்டாப் போச்சா? சவுக்கடி வாங்கினவர் எழுதின புத்தகம் சார் இது. எங்க பாட்டனோட பாட்டன் அந்த மாதிரி ஒரு பருத்திக் காட்டுலதான் அடிமையாச் செத்தாரு!"

ப்ரூயட் படித்தார். முகம் ஒரு கணம் மாறியது.

"ஒரு வரிதானே? அழிச்சுடு."

"அழிக்கிறேன். ஆனா அவனை வேலையை விட்டுத் தூக்கணும்."

"எதுக்கு வம்பு வெர்னிதா? இவங்க மாதிரி வேற யாரு செஞ்சு குடுப்பா? ஒருத்தன் லீவு கேக்கறதில்ல. ஒருத்தன் எதிர்த்துப் பேசறதில்ல."

"யாரு சார் அவங்க?"

"ஏதோ ஒரு ஏஜென்சி. நீ போய் விழா வேலையைக் கவனி." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வெர்னிதாவுக்கு மனசு ஆறவில்லை. தட்டச்சுத் தாள்கள் வந்த உறையின் மேல் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அழைத்தாள்.

"டைப்பிங் பிரிவுதானே? நூத்திப் பதினாலாம் பக்கம் அடிச்சது யாரு? பேரைச் சொல்லுங்க!"

காகிதம் புரளும் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல் சாவகாசமாகச் சொன்னது:

"பேரு போடல மேடம். நம்பர்தான் இருக்கு. நாலாயிரத்து முன்னூத்தி ஏழு."

"நம்பரோ பேரோ, எனக்குக் கவலை இல்ல. அந்தத் திமிர் பிடிச்சவனை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்குங்க!"

எதிர்முனையில் ஒரு சிரிப்பு வெடித்தது.

"வேலையை விட்டுத் தூக்கறதா? மேடம், இது ஜெயில். வேலை செய்ய மாட்டேன்னு சொன்னா, அதுக்குத்தான் இங்க தனிக் கொட்டடியில போட்டுப் பூட்டுவோம்."