ஒரு டேங்க், இரண்டு குழாய்

"முழங்கால் பனியில நான் இந்தக் குழாயை இழுத்துட்டுப் போகணுமா? ஆள விடுங்க சார்!"

ஹீட்டருக்கான புரொப்பேன் எரிவாயு கொண்டுவரும் லாரியின் டிரைவர் சொன்னதோடு நிற்காமல் வண்டியைப் பின்னால் எடுக்கவே ஆரம்பித்துவிட்டார். டேங்க் வரைக்கும் பனியை அள்ளி வழி போட்டு வைத்தால்தான் நிரப்புவார்கள். இன்று வியாழன். லாரி இந்தப் பக்கம் மறுபடி வருவது திங்கட்கிழமைதான்.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த வாரம் பனி அள்ள வேண்டிய முறை தம்பியுடையது. அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்ட இருவராலும் பின்கட்டில் இருந்த டேங்கை மட்டும் இரண்டாக்க முடியவில்லை. அதிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு வால்வு. பேச்சுவார்த்தை நின்று எட்டு மாதம் ஆகியும் இரண்டு வீட்டு ஹீட்டரும் ஒரே வயிற்றிலிருந்துதான் குடித்துக்கொண்டிருந்தன.

தம்பி வீட்டு வாசலை எட்டிப் பார்த்தார். படிகளில் பனி விழுந்தது விழுந்தபடி கிடந்தது, ஒரு காலடித் தடம்கூட இல்லை. கார் ஷெட் சாத்தியிருந்தது. ஜன்னலில் விளக்கு எரிந்தது.

"பாத்தியா? ரெண்டு நாளா துரை வெளிய தலைகாட்டல. மண்வெட்டியைத் தொட்டா கை தேஞ்சுடும்ல!" என்றார் மனைவியிடம்.

"மீட்டர்ல எவ்வளவு காட்டுது?"

"பதினஞ்சு சதவீதம். ரெண்டு வீட்டுக்கும் எரிஞ்சா சனிக்கிழமையே காலி. ஒரு வீட்டுக்குன்னா திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும்."

மனைவிக்குப் புரிந்துவிட்டது. "வேணாங்க. தம்பி பொண்டாட்டி வேற மாசமா இருக்கா."

"அப்ப வந்து கேக்கட்டும். அண்ணே, தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் திறந்து விடுறேன்."

குழாய் இழுக்க வழியில்லாத அதே பனியில், வால்வை மூட மட்டும் அண்ணனுக்கு வழி கிடைத்தது. தொடை வரை நனைந்துகொண்டு போனார். அந்த நேரத்தில் மண்வெட்டியை எடுத்திருந்தால் வழியே போட்டிருக்கலாம், லாரியும் தெருமுனையைத் தாண்டியிருக்காது. ஆனால் முறை தம்பியுடையதாயிற்றே!

தம்பியின் வால்வைக் கைவலிக்கத் திருகி மூடிவிட்டு வந்து, ஹீட்டர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார். மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி.

"அத்தைக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்றாள் மனைவி.

"அம்மாவா? தங்கச்சி வீட்டுல சுடச்சுடக் காப்பி குடிச்சுட்டு இருக்காங்க. இங்கத்த குளிர் அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

மத்தியானம் தாண்டியதும் நடுச்சுவரில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும்.

"என்னங்க, தட்டுறாங்க."

"திமிரப் பாரேன், வாயைத் திறந்து கேக்க மாட்டானாம், சுவத்தத் தட்டுவானாம்! வாசல் வழியா வந்து கேக்கட்டும்." டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. போகப் போக மெதுவாகி, விளக்கு வைக்கும் நேரத்தில் நின்றுபோனது. வெளியே வாளியில் இருந்த தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது.

"அடங்கிட்டான்," என்றார் அண்ணன். மனைவிக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு போன் அடித்தது. திரையில் தம்பியின் பெயரைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எட்டு மாத ரோஷத்தை ஒரே ராத்திரிக் குளிர் இறக்கிவிட்டதே!

"ஸ்பீக்கர்ல போடுறேன், நீயும் கேளு," என்று மனைவியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, சாவகாசமாக எடுத்தார். "ம், சொல்லு."

"அண்ணே, தப்பு என்மேலதான். மன்னிச்சுடுண்ணே." தம்பியின் குரல் உடைந்திருந்தது.

அண்ணன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "இத நேத்தே வந்து சொல்றதுக்கு என்ன?"

"நேத்து எப்படிண்ணே வர்றது? செவ்வாய்க்கிழமை காலையில அவளுக்கு வலி எடுத்துச்சுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். சாயங்காலமே திரும்பிடலாம்னு நினைச்சேன், பனியில ரோட்டையே மூடிட்டாங்க. டவரும் விழுந்துடுச்சு, இப்பதான் லைன் கிடைச்சுது."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப... வீட்டுல விளக்கு எரியுதே?"

"உங்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பியிருக்கணும், பாழாப்போன ரோஷம், சொல்லல. தங்கச்சி ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து விட்டுட்டுப் போனா. நீயும் அண்ணியும் கடைக்குப் போயிருந்தீங்க. வழுக்கி விழுந்து கால்ல கட்டு, படி இறங்க முடியாது. அரை மணி நேரமா அடிக்கிறேன், போனையே எடுக்கல."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் தம்பி கெஞ்சினான்.

"அம்மா தனியா இருக்காங்க, கொஞ்சம் போய்ப் பாருண்ணே."