பத்துக்குப் பத்து

மடிப்புகளில் கிழிந்துவிடாமல் அவள் அதைப் பிரித்து டெஸ்க்கின் மேல் வைத்தாள்.

நீல இன்லண்ட் கடிதம். ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. சிவப்பு மை மட்டும் நேற்றுப் போட்டதுபோல் இருந்தது.

அவருடைய கையெழுத்து.

வெளியே தென்காசிச் சாரல். பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். வகுப்பறையில், ஒன்றாகப் படித்த இவர்கள் இரண்டு பேர் மட்டும். நாற்பது வருஷம் கழித்து, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் இடிக்க.

"ஞாபகம் இருக்கா பாரும்," என்றாள் உலகம்மாள்.

இல்லாமலா?

அவர் சென்னைக்கு வேலைக்குப் போன புதிது. அவள் ஊரில் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாதம் இரண்டு கடிதம், ஆங்கிலத்தில். எல்லாம் பயிற்சிக்காகக் கற்பனையில் எழுதுவது. வராத காய்ச்சலுக்கு ஒரு லீவ் லெட்டர். தெருக்குழாயில் தண்ணீர் இல்லை என்று ஒரு புகார். இல்லாத தம்பிக்கு வாழ்த்து.

அவர் சிவப்பில் திருத்தி, மார்க் போட்டு, மூன்றாம் நாள் அதையே ஒரு கவரில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அவள் எழுத்து ஒன்றுகூட அவரிடம் தங்கியதில்லை.

அவள் செய்வது ஒரே தப்பு. 'தேங்க்ஸ் ஃபார் ரைட்' என்பாள். 'ஃபாண்ட் ஆஃப் ஸிங்' என்பாள். ஆஃப், ஃபார், பிஃபோர், எதற்குப் பின்னால் வினை வந்தாலும் வாலில் ஒரு 'இங்' வேண்டும் என்று அவரும் சளைக்காமல் எழுதிச் சேர்ப்பார். ஏழு மார்க். ஆறரை. ஒருமுறை, கோபத்தில், நாலு.

இந்தக் கடிதத்தில் ஒரு திருத்தம்கூட இல்லை.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

'ஐ ஆம் டயர்ட் ஆஃப் வெயிட்டிங்.' காத்திருந்து அலுத்துவிட்டதாம். தை மாதம் கல்யாணம் வைக்க அப்பா யோசிக்கிறாராம். 'பிஃபோர் சேயிங் எஸ்', சரி என்று சொல்வதற்கு முன், உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டுமாம்.

இங் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

இல்லாத தம்பிக்கு வாழ்த்து எழுதியவள்தானே. இதுவும் அப்படி ஒன்று என்றுதான் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! மூன்று நாள்கூடப் பொறுக்கவில்லை. அன்று மாலையே தபாலில் சேர்த்துவிட்டார்.

கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு: 10/10. வெரி குட்.

பிறகு அவள் எழுதவில்லை. தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

முப்பத்தைந்து வருஷம் கம்பெனியில் கடிதப் பிரிவு. பதில் போகாமல் ஒரு கடிதம் அவர் மேஜையில் கிடந்ததில்லை. ரிட்டயர் ஆன அன்று அதைச் சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள்.

"பத்துக்குப் பத்து மார்க் போட்டீரு." உலகம்மாள் சிரித்தாள். "பதில் போட்டீரா?"

வாசலில் குடையோடு அவள் கணவர் வந்து நின்றார். "ஏ உலகு, பாயசம் ஆறுது."

அவள் எழுந்தாள்.

"இது என்கிட்ட இருக்கட்டுமே," என்றார் அவர்.

"ஆசைதான். எனக்கு வந்த கடுதாசில்லா இது."

பழைய மடிப்பிலேயே மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கணவரின் குடைக்குள் போய்ச் சேர்ந்தாள்.

சாரலின் சத்தம்.

அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். வலது மூலையில் ஊரும் தேதியும். இடதுபக்கம் அவள் பெயர். ஒரு வரி இடம் விட்டார்.

'ஐ ஆம் சாரி ஃபார்' என்று எழுதினார்.

பேனா நின்றது.

அதற்குப் பின்னால் எது வந்தாலும் வாலில் இங் போட அவருக்குத் தெரியும்.

எது என்றுதான் தெரியவில்லை.