முப்பந்தல் காற்று

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், காற்றை வென்றவர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

இறங்கினார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. காற்று இறக்கிவிட்டது.

முப்பந்தல். ஆடி மாதம். கணவாய் வழியாக வருகிற காற்று, மதுரையிலிருந்து மிதித்து வருகிறவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றாமல் நின்றவை அவருடைய சக்கரங்கள் மட்டும்தான்.

ஹேண்டிலில் கட்டிய பதாகை முகத்தில் அறைந்தது. ‘தாணுலிங்கம் நினைவு மிதிவண்டிப் பயணம்.’ நடுவில் அவர் படம். மூலையில் தாணுலிங்கம், பாஸ்போர்ட் அளவில்.

வருடா வருடம் அவரோடு மிதித்து வந்த தாணுலிங்கம், மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

மாலையில் நாகர்கோவிலில் நினைவுக் கூட்டம். மிதிவண்டி வீரர் பேரவையின் நிறுவனத் தலைவர் என்ற முறையில் அவன் படத்தைத் திறந்து வைத்து அவர்தான் பேச வேண்டும். முன்வரிசையில் தாணுலிங்கத்தின் மனைவி செண்பகம் இருப்பாள்.

உரை சட்டைப் பையில் இருந்தது. எல்லா மேடையிலும் சொல்வதுதான். காற்று என்பது மனதில்தான் இருக்கிறது.

மனதில் இருந்தது, கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

சாலையோரச் சாயாக்கடையில் கடைக்காரி தம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டினாள். கையை எடுத்ததும் நுரை பறந்து அவர் சட்டையில் ஒட்டியது.

“தள்ளிக்கிட்டா வாறீய அண்ணாச்சி? போன ஆடியில பறந்துல்லா போனீய!”

அவர் குடித்தார்.

“ஒங்களுக்கு முன்னால ஒருத்தரு, ஹேண்டில்ல தலையக் கவுத்துக்கிட்டு, வாயில நொர தள்ள மிதிச்சிட்டுப் போனாரே. அவரு வரலியா?”

“வரல.”

“அப்பம் தள்ளத்தான் வேணும்.”

சொல்லிவிட்டு, பிய்த்துக்கொண்டு பறக்கிற தார்ப்பாயைப் பிடிக்கப் போய்விட்டாள்.

நெடுந்தூரம் மிதிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். ஒட்டிப் பின்னால் வருகிறவருக்கு அந்த முதுகுதான் மறைப்பு. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பேரவையில் மட்டும் அந்த மாற்று கிடையாது. தலைவன் பின்னாலிருந்து வழிநடத்துபவன் என்று விதி இருந்தது.

விதியை எழுதியவர் தலைவர்.

ஊர் எல்லை வந்ததும் தாணுலிங்கம் ஓரமாக ஒதுங்குவான். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரே வாக்கியம்தான் சொல்வான்.

“ஊரு வந்துட்டு அண்ணாச்சி. நீங்க முன்னால போங்க.”

மாலை, முன்னால் போகிறவர் கழுத்தில் விழும்.

வருடா வருடம் இந்தக் கணவாயை அவர் கடந்தது, காற்றே இல்லாத ஒரு சந்து வழியாக. சந்தின் அகலம் ஒரு முதுகு.

சொல்லிவிட வேண்டும். செண்பகத்திடம். மேடையிலேயே, எல்லோர் முன்னாலும்.

“முன்னால் போனது அவன்.”

சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். காற்று அதை வாயிலிருந்து பிடுங்கி, பின்னால் ஆளில்லாத சாலையில் போட்டது.

நாகர்கோவில் எல்லையில் காற்று அடங்கியிருந்தது. கொட்டுச் சத்தம் கேட்டது. ஏறி உட்கார்ந்தார். பழக்கதோஷம், முன்னால் யாரோ ஒதுங்கட்டும் என்று ஒரு கணம் காலூன்றி நின்றார்.

ஒதுங்க யாருமில்லை.

கழுத்தில் மாலை விழுந்தது. செண்பகம் அருகில் வந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

“அவிய ஒவ்வொரு ஆடிக்கும் கண்ணு செக்கச்செவேல்னுதான் வீட்டுக்கு வருவாவ” என்றாள். “ஒங்களுக்கு இண்ணைக்குத்தான் அண்ணாச்சி செவந்திருக்கு.”

வழியெல்லாம் அழுதிருக்கிறார், பாவம் என்றார்கள் சுற்றி நின்றவர்கள். கேமராவைக் கண்களுக்குக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள்.

உண்மையை அவர் மேடையில் சொல்வதற்கு வைத்திருந்தார்.

மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கினார்கள். உரையை எடுத்தார். பிரிக்காமலே மறுபடி பையில் வைத்தார். முன்வரிசையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவன்...” என்றார். மண் உறுத்திய கண்ணைத் துடைத்தார்.

கூட்டம் கைதட்டியது. அரங்கம் அதிரக் கைதட்டியது.

அது ஓயும்வரை காத்திருந்தார்.

பிறகு, காற்று என்பது மனதில்தான் இருக்கிறது என்றார்.